சீஷெல்ஸில் பிள்ளையோடு ஒரு வாரம் பாய்மரப் படகில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்ம வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு பாய்மரப் படகில் தீவு தீவாகப் போய்வர நினைக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் என் மகளோடு போன இடம் சீஷெல்ஸ். அதன் பிறகு தெரிந்தவர்கள் பலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இங்கே இருக்கின்றன. படகு வாடகை, காற்று, சாப்பாடு எல்லாம் வரும். ஆனால் எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பிள்ளையைப் பயணியாக அழைத்துப் போகாதீர்கள், மாலுமியாக அழைத்துப் போங்கள்.

இத்தனை தீவுகள் இருக்க, ஏன் சீஷெல்ஸ்?

முதல் காரணம் புயல். சீஷெல்ஸின் முக்கியத் தீவுகள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 4 பாகையில் இருக்கின்றன. வெப்பமண்டலப் புயல்கள் அந்த அளவு நெருக்கத்தில் உருவாவதும் வந்து தாக்குவதும் மிக அரிது. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்று நாள்காட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டும், இங்கே அந்தத் தலைவலி இல்லை.

இரண்டாவது காரணம் தூரம். மொத்தம் 115 தீவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் மாஹே, பிராலின், லா டீக் மூன்றையும் சுற்றியுள்ள கருங்கல் தீவுகள்தான் ஒரு வாரப் பயணத்துக்கு உரியவை. மாஹேவிலிருந்து பிராலினுக்கு சுமார் 44 கிலோமீட்டர். அந்த ஒரு ஓட்டம்தான் நீளம், மற்றதெல்லாம் ஒரு மணி, இரண்டு மணி நேரத் தாவல்கள். எந்நேரமும் ஏதாவது ஒரு தீவு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். முதன்முறை கடலுக்கு வரும் பிள்ளைக்கு அது பெரிய தைரியம்.

மூன்றாவது, நமக்குப் பயண வசதி. மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு, நான்கரை மணி நேரம் அளவில் ஆகும். துபாய், அபுதாபி வழியாகவும் போகலாம். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. மாஹேவில் இருக்கும் தலைநகர் விக்டோரியாவில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள், நவசக்தி விநாயகர் கோயிலும் இருக்கிறது. படகேறும் முன் நாங்கள் அங்கேதான் தேங்காய் உடைத்துவிட்டுப் போனோம்.

எந்த மாதம் போகலாம்?

இங்கே ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று: மழை குறைவு, வெயில் சற்றுத் தணிவு, கடல் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனம். ஜூலை, ஆகஸ்டில் 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தை எளிதாகத் தாண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று: புழுக்கம், மழை, இடையிடையே சட்டென்று வீசும் காற்று. இரண்டுக்கும் நடுவே ஏப்ரலும் நவம்பரும் அமைதியான மாதங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளி நாள்காட்டிக்கு ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் பாதியும் நன்றாகப் பொருந்துகின்றன. தேர்வு முடிந்திருக்கும், தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், கூட்டமும் குறைவு. காற்று குறைவாக இருப்பதால் சில நாள் இன்ஜினை நம்பித்தான் ஓட வேண்டியிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாயை நம்பி ஓடும் நிஜமான ஓட்டம் வேண்டும் என்றால் காலாண்டு விடுமுறை நல்லது, செப்டம்பர் கடைசியில் தென்கிழக்குக் காற்று மெல்லத் தளரத் தொடங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடகை உச்சத்தில் இருக்கும், மழையும் அப்போதுதான் அதிகம்.

எங்களுக்குப் படகு ஓட்டவே தெரியாது. போக முடியுமா?

முடியும். படகோடு ஒரு ஸ்கிப்பரையும், அதாவது படகை ஓட்டும் தலைமை மாலுமியையும், சேர்த்து வாடகைக்கு எடுங்கள். படகைத் தனியாக உங்கள் கையில் கொடுக்க வேண்டுமென்றால் சான்றிதழும் அனுபவக் குறிப்பும் கேட்பார்கள். சான்றிதழ் இருந்தாலும்கூட, ஒரு பெரியவரும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையும் மட்டும் 40 அடிப் படகைக் கையாள்வது முதல் பயணத்துக்குச் சரிப்படாது. நான் ஸ்கிப்பர் வைத்துக்கொண்டுதான் போனேன், அடுத்த முறையும் அப்படித்தான் போவேன்.

ஸ்கிப்பர் இருந்தால் பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாளே என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மை நேர்மாறானது. அம்மா சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, அந்த ஊர் மாலுமி சொன்னால் கயிற்றை வாங்கிக்கொள்கிறது. முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்: "எங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கப் பொறுமையுள்ள ஸ்கிப்பர் வேண்டும்." இந்த ஒரு வரி பயணத்தையே மாற்றும்.

புறப்படும் முன் ஊரிலேயே கொஞ்சம் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகோட்டம் கற்றுத்தருகிறார்கள், சிறுவர்களுக்கான கோடைப் பயிற்சியும் உண்டு. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னையில் கோடை முகாமில் தொடங்கியவர்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் பிரிட்டனின் ஆர்ஒய்ஏ என்னும் படகோட்ட அமைப்பின் பயிற்சிகளைப் பார்க்கலாம். படகு ஊழியருக்கான 5 நாள் அடிப்படைப் பயிற்சியில் 12 வயதிலேயே சேரலாம், பகல் நேர ஸ்கிப்பர் செய்முறைப் பயிற்சிக்கு 16 ஆக வேண்டும்.

கேட்டமரனா, ஒற்றை உடல் படகா?

கேட்டமரன் என்பது இரட்டை உடல் படகு. அது சாயாது, இடம் அதிகம், ஆழம் குறைந்த இடத்திலும் போகும், ஆளுக்கு ஒரு அறை கிடைக்கும். ஒற்றை உடல் படகு சாயும், காற்றின் அழுத்தம் சுக்கானில் கைக்கு அப்படியே தெரியும், கற்றுக்கொள்ள அதுதான் சிறந்தது. சீஷெல்ஸில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கேட்டமரன்கள்தாம். வளர்ந்த பிள்ளைக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு தனி அறை வேண்டும், ஸ்கிப்பருக்கும் ஒன்று வேண்டும். அதனால் கேட்டமரனே எடுங்கள்.

ஒரு வாரத்துக்கு எந்த வழியில் போவது?

பெரும்பாலான படகுகள் மாஹேவில் ஈடன் தீவுத் துறையிலிருந்து கிளம்பும். படகைக் கையில் வாங்கி, சாமான் ஏற்றி, எல்லாம் விளக்கி முடிப்பதற்குள் பிற்பகல் ஆகிவிடும். அன்றே பிராலினுக்கு ஓட நினைக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் சென்ட் ஆன் கடல் பூங்காவில் முதல் இரவைக் கழியுங்கள். 1973இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. அங்கே முவாயென் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. பிரெண்டன் கிரிம்ஷா என்ற ஆங்கிலேயப் பத்திரிகை ஆசிரியர் 1962இல் அதை 8,000 பவுண்டுக்கு வாங்கினார். அந்த ஊர்க்காரரான ரெனே லாஃபோர்ட்டூனோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான மரங்களை நட்டார், ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார். பெரும் பணம் தருகிறோம் என்று வந்தவர்களுக்கும் விற்கவில்லை. 2008இல் அது தேசியப் பூங்கா ஆனது, அவர் 2012இல் இறந்து அங்கேயே அடக்கமானார். பதினைந்து வயதில் இருக்கும் ஒருத்திக்கு, ஒரு மனிதர் தன் வாழ்நாளை இப்படியும் செலவழிக்கலாம் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மெதுவாகச் சுற்றினாலும் ஒரு மணி நேரத்தில் தீவு முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் காலையில் சீக்கிரம் கிளம்பி பிராலின். நாலைந்து மணி நேரம் ஆகும். வழி வடகிழக்கே போவதால் தென்கிழக்குக் காற்று காலத்தில் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும், திரும்பும்போது இடப்பக்கத்திலிருந்து வரும். வடமேற்குக் காற்றிலும் பக்கக் காற்றுதான். பாய்மரப் படகுக்கு இதைவிட வசதியான திசை கிடையாது. அலையும் பக்கவாட்டில் அடிப்பதால் உடம்பு மட்டும் கொஞ்சம் ஆடும்.

தென்கிழக்குக் காற்று காலத்தில் பிராலினின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஆன்ஸ் லாசியோ நல்ல மறைவு. வடமேற்குக் காற்று வந்துவிட்டால் அதே விரிகுடா திறந்த வாசல் மாதிரி ஆகிவிடும், இரவு முழுக்கப் படகு உருளும். வரைபடத்தில் ஒரு விரிகுடாவைக் காட்டி, "இன்றைய காற்றுக்கு இது மறைவா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். இரண்டு நாளில் அவளே சொல்லத் தொடங்குவாள்.

மூன்றாம் நாள் எதிரே இருக்கும் கியூரியூஸ் தீவு. லாரே விரிகுடாவில் இறங்கினால் ராட்சத ஆமைகள் கால்மாட்டிலேயே வந்து கழுத்தை நீட்டும். கழுத்தடியில் மெல்லத் தடவினால் நாலு காலையும் ஊன்றி எழுந்து நிற்கும். அங்கிருந்து அலையாத்திக் காட்டுக்குள் போகும் பலகை நடைபாதையில் தீவின் மறுபக்கம் போகலாம். 19ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து ஒதுக்கி வைத்த இடம் இது. மருத்துவரின் மரவீடு இன்று சிறு காட்சியகமாக இருக்கிறது. ஆமையைப் பார்க்க வந்த பிள்ளை இங்கே வந்ததும் நிறைய கேள்வி கேட்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

நான்காம் நாள் பிராலினின் பே சென்ட் ஆன் துறையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, பேருந்தில் ஏறி வாலே த மே காட்டுக்குப் போங்கள். 1983 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கோக்கோ டி மேர் என்னும் கடல் தேங்காய் இயற்கையாக வளர்வது பிராலினிலும் கியூரியூஸிலும் மட்டும்தான். உலகின் மிகப் பெரிய விதை அதுதான், ஒரு கொட்டை 20 கிலோவையும் தாண்டும். காய் முற்றவே ஆறேழு ஆண்டு ஆகும். அனுமதிச் சான்று இல்லாமல் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, ஆகவே வழியில் யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள்.

ஐந்தாம், ஆறாம் நாள் லா டீக். துறைமுகம் சின்னது, முன்னால் நங்கூரம் போட்டு, பின்பக்கத்தைக் கரையில் கயிற்றால் கட்ட வேண்டும். இடம் இல்லாவிட்டால் வெளியே நிற்கலாம். தீவில் சைக்கிள்தான் வாகனம், இரண்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிள்ளையை முன்னால் போகவிடுங்கள். ஆன்ஸ் சூர்ஸ் தார்ஜான் கடற்கரையின் கருங்கல் பாறைகளை எத்தனை படத்தில் பார்த்திருந்தாலும் நேரில் அசந்து நிற்பீர்கள். கிழக்குப் பக்கம் இருக்கும் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் மட்டும் தென்கிழக்குக் காற்று காலத்தில் நீந்த வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கும்.

குஸான் தீவுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். 1968இல் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அதை வாங்கியபோது சீஷெல்ஸ் வார்ப்ளர் என்ற சிறு பறவை 30க்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தது. இன்று பல தீவுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கரைக்குப் போக வைத்திருக்கும் உங்கள் சின்ன ரப்பர் படகான டிங்கியில் இறங்க விடமாட்டார்கள், எலி, விதை எதுவும் தொற்றி வரக்கூடாது என்று அவர்களுடைய படகில்தான் ஏற்றிப் போவார்கள். வார நாள் காலையில்தான் அனுமதி.

பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது?

பயணம் இனிப்பதும் கசப்பதும் இதில்தான் இருக்கிறது. "இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடி" என்பது வேலை அல்ல, எடுபிடி. அவள் செய்யாவிட்டால் படகு நிற்கும் என்ற நிலையில் ஒரு பொறுப்பு வேண்டும்.

என் சிபாரிசு நங்கூரம். படகின் முன்முனையான அணியத்தில் நின்று நங்கூரம் இறக்கும் பொறுப்பை முதல் நாளே பிள்ளையிடம் கொடுங்கள். அதற்குள் எல்லாப் பாடமும் இருக்கிறது. முதலில் பச்சையும் பழுப்புமாகத் தெரியும் பவளத்தை விட்டு, வெளிர் நீலமாகத் தெரியும் மணல் திட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சூரியன் முதுகுப்பக்கம், உயரத்தில் இருக்க வேண்டும், மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அதிலிருந்தே புரியும். அடுத்தது கணக்கு. ஆழமானி 5 மீட்டர் காட்டுகிறது, இப்போது வற்று நீர், ஏற்றத்தில் ஒன்றரை மீட்டர் கூடும், அணியம் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர். ஆக ஏழரை. அதன் ஐந்து மடங்கு, முப்பத்தேழு முப்பத்தெட்டு மீட்டர் சங்கிலி. பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றாலே அலுத்துக்கொள்ளும் என் மகள் இதைக் காகிதம் இல்லாமல் போட்டாள், ஏனென்றால் விடை தவறினால் ராத்திரி படகு நகரும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்ஜின் சத்தத்தில் கத்துவது கேட்காது, அதனால் கைச் சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: முன்னே, பின்னே, நிறுத்து, இடம், வலம். நங்கூரம் தரையைத் தொட்டதும் படகைப் பின்னுக்கு மெல்ல ஓட்டிச் சங்கிலியை நீளவிட வேண்டும். கடைசியில் பின்னோக்கி விசை கொடுக்கும்போது பிள்ளை தன் பாதத்தைச் சங்கிலிமேல் லேசாக வைத்துப் பார்க்கட்டும். நங்கூரம் இழுபட்டால் தடதடவென்று அதிரும், பிடித்துவிட்டால் ஒரு விறைப்பு மட்டும் இருக்கும். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, நீச்சல் கண்ணாடியோடு குதித்து நேரிலேயே பார்த்துவரச் சொல்லுங்கள். "அம்மா, கொம்பு ரெண்டும் மண்ணுக்குள்ள போயிடுச்சு, தூங்கலாம்" என்று தண்ணீரிலிருந்து தலையை நீட்டிச் சொன்ன குரல் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இன்னொன்று படகுக் குறிப்பேடு. கிளம்பிய நேரம், காற்றின் திசை, வேகம், காற்றழுத்தமானி காட்டும் எண், கண்ட மீன், பறவை எல்லாவற்றையும் அவள் கையெழுத்தில் எழுதட்டும். பயணத்தின் கடைசிக்கு முந்தைய நாளை முழுக்க அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள்: எங்கே போவது, எப்போது கிளம்புவது, என்ன சமைப்பது எல்லாம் அவள் முடிவு. ஆபத்து என்று பட்டால் ஸ்கிப்பர் தடுப்பார், நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இது உங்களுக்குத்தான் கஷ்டம்.

பிள்ளைக்கு வரவே விருப்பமில்லை. என்ன செய்வது?

வற்புறுத்தி ஏற்றாதீர்கள். ஒரு வாரம் 40 அடிக்குள் தப்பிக்க இடமில்லாமல் இருப்பது விருப்பமில்லாத பிள்ளைக்குச் சிறை. முதலில் ஊரிலேயே ஒரு நாள் படகில் ஏற்றிப் பாருங்கள். திட்டம் போடும்போதே வரைபடத்தை அவன் கையில் கொடுங்கள். தீவுகளில் பாதியை அவனே தேர்ந்தெடுத்தால் கதை வேறு.

தோழியையும் அழைத்துப் போகலாமா?

பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் சிரிப்பும் பேச்சுமாகப் போகும், உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். ஆனால் நீங்களும் பிள்ளையும் பேசிக்கொள்ள என்றுதான் இந்தப் பயணம் என்றால் முதல் முறை தனியாகவே போங்கள். இன்னொருவர் பிள்ளையை அழைத்துப் போவதானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், மருத்துவ விவரம், பயணக் காப்பீடு மூன்றும் கட்டாயம்.

கடல் குமட்டலுக்கு என்ன வழி?

மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை, முந்தைய இரவே தொடங்க வேண்டும். எந்த மாத்திரை, என்ன அளவு என்பதைப் பிள்ளையின் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தைத் தள்ளும், அதனால் ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. காலையில் வெறும் வயிறாக விடாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இட்லி, ரொட்டி, வாழைப்பழம் போதும். முகம் வெளுக்கத் தொடங்கினால் கீழே போய்ப் படுக்க விடாமல் சுக்கானைக் கையில் கொடுத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கால்மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும். போனில் குனிந்திருப்பவர்களுக்குத்தான் முதலில் வரும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சைவம் கிடைக்குமா?

விக்டோரியாவில் இந்தியர் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி எல்லாம் கிடைக்கும். சந்தையில் காய்கறி, ஈரப்பலா, மாம்பழம், பிடித்த மணம் மாறாத மீன். படகிலேயே சமைக்கிற ஆசை இருந்தால் ஊரிலிருந்து 3 லிட்டர் குக்கர் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஆடும் படகில் மூடி பூட்டிக்கொள்ளும் பாத்திரத்தைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை, கேஸும் மிச்சம். ஓடுகிற நாளில் சமைக்க வேண்டாம், காலையிலேயே எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கட்டி வைத்துவிடுங்கள். ஸ்கிப்பருக்கும் சேர்த்துச் சாமான் வாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எங்கள் ஸ்கிப்பர் ரசத்தைக் குவளையில் வாங்கிக் குடித்தார். சீஷெல்ஸ்காரர்களுக்கு நம் காரம் புதிதில்லை.

பயணத்தின் நடுவில் தேங்காய், ரொட்டி, முட்டை எல்லாம் பிராலினிலும் லா டீக்கிலும் கிடைக்கும். விலை நம் ஊரைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும், ஏனென்றால் பெரும்பாலானவை இறக்குமதி.

குளியல், கழிப்பறை, மாதவிடாய் நாட்கள்?

யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, தனியாக அழைத்துத்தான் கேட்கிறார்கள். படகில் நல்ல தண்ணீர் அளவானது. கடலில் குளித்துவிட்டுக் கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். கழிப்பறைக் குழாய் மிகக் குறுகல், காகிதம் போட்டாலே அடைத்துக்கொள்ளும், நாப்கின் போட்டால் பயணமே கெடும். தனிப் பை வைத்துக் கட்டி, பிராலினில் குப்பையில் சேர்த்துவிடுங்கள். கப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் கடலில் இறங்கவும் தடையில்லை, ஆனால் பயணத்துக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். தேதி தள்ளிப்போட மாத்திரை வேண்டுமா என்பது மருத்துவரும் மகளும் பேசி முடிவு செய்ய வேண்டியது. ஸ்கிப்பர் ஆண் என்பதால் மகள் கூச்சப்படுவாள். அவளுடைய அறையோடு சேர்ந்த குளியலறை உள்ள படகையே கேட்டு வாங்குங்கள்.

போன்?

நம் ஊர் ஏர்டெல்லே அங்கும் இருக்கிறது, விமான நிலையத்தில் சிம் வாங்கலாம். மாஹே, பிராலின், லா டீக்கைச் சுற்றியுள்ள உள்தீவுகளில் பெரும்பாலும் சிக்னல் கிடைக்கும். அதுதான் சிக்கலும். ஓடும்போது இருவருடைய போனும் பெட்டிக்குள், நங்கூரம் போட்ட பிறகு கையில் என்று நாங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். இருவருக்கும் ஒரே விதி என்பதால்தான் அது நின்றது.

உண்மையான ஆபத்துகள் எவை?

சுறாவைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். 2011இல் ஆன்ஸ் லாசியோவில் இருவர் சுறா தாக்கி இறந்தார்கள் என்பது உண்மை. அது மிக அரிதான நிகழ்வு. இருட்டும் நேரத்திலும் மீன் கழிவு கொட்டும் இடத்திலும் நீந்தாமல் இருந்தால் போதும்.

நான் பயப்படுவது டிங்கிக்கு. பெரிய படகில் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள், கரைக்குப் போகும் சின்ன ரப்பர் படகில் ஏறியதும் விளையாட்டு வந்துவிடும். இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ முழங்காலிலோ மாட்டியிருக்க வேண்டும், விளிம்பில் உட்காரக் கூடாது, ஒருவர் தண்ணீரில் இருந்தால் இன்ஜினைத் தொடக் கூடாது. இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது இரவு. இருட்டில் தனியாக மேல்தளத்துக்கு வரக்கூடாது, வந்தால் உயிர்காப்புச் சட்டையோடுதான் வர வேண்டும், இந்த விதி உங்களுக்கும் உண்டு. ஆறரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்து சட்டென்று இருட்டிவிடும், இரவில் ஓட வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் அனுமதிக்காது.

வெயில் அடுத்த எதிரி. மேகம் இருந்தாலும் சுடும். முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிவிடுங்கள். பாறை, பவளம் மேல் நடக்க ரப்பர் காலணி வேண்டும். பவளம் கீறினால் சின்னக் காயம் என்று விடாமல் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி மருந்து போடுங்கள், சீக்கிரம் சீழ் வைக்கும். மலேரியா இல்லை, டெங்கு உண்டு, கொசு மருந்து எடுத்துப்போங்கள். மருத்துவமனை விக்டோரியாவிலும் பிராலினிலும் லா டீக்கிலும் இருக்கிறது. விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் அலைவரிசையில் அவசர அழைப்பு எப்படிக் கொடுப்பது என்பதைப் பிள்ளைக்கும் முதல் நாளே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்கிப்பருக்கே ஏதாவது ஆகிவிட்டால் பேச ஆள் வேண்டுமல்லவா.

கடற்கொள்ளையர்?

2009 முதல் சில ஆண்டுகள் சோமாலியக் கொள்ளையர் அச்சம் சீஷெல்ஸ் கடல்வரை வந்தது. அதெல்லாம் பெரும்பாலும் தொலைவான திறந்த கடலில் நடந்தவை. வாடகைப் படகுகள் பெரும்பாலும் உள்தீவுகளைத் தாண்டிப் போவதில்லை.

விசா, ஆவணங்கள்?

இந்தியருக்கும் இலங்கையருக்கும் முன்கூட்டி விசா தேவையில்லை. ஆனால் எல்லோரும் இணையத்தில் பயண அனுமதிக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சான்று கேட்பார்கள், படகு வாடகை ஒப்பந்தத்தையும் இணையுங்கள். அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ பிள்ளையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு எடுத்துச் செல்லுங்கள். கேட்காமலும் போகலாம். கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

செலவு எப்படி வரும்?

படகு வாடகைதான் பெரும்பகுதி, அது மாதத்துக்கு மாதம் மாறும். அதோடு ஸ்கிப்பர் நாள் சம்பளம், டீசல், கடல் பூங்காக் கட்டணங்கள், தனியார் தீவில் இறங்கும் கட்டணம், திருப்பித் தரும் முன்பணம், கடைசியில் ஸ்கிப்பருக்கு அன்பளிப்பு. விளம்பர விலையில் இவை பெரும்பாலும் சேராது, எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். இருவர் மட்டும் போனால் படகின் முழுச் சுமையும் உங்கள் மேல்தான். இன்னொரு அம்மா பிள்ளை இணையைச் சேர்த்துக்கொண்டால் பாதியாகும். கணக்குக் கட்டுப்படியாகாவிட்டால் மாஹேவில் அறை எடுத்துக்கொண்டு, கப்பலில் பிராலினும் லா டீக்கும் போய், ஒரே ஒரு நாள் பாய்மரப் படகு எடுங்கள். அதுவும் நல்ல பயணம்தான்.

பவளப்பாறைகள் படத்தில் இருப்பது போல இருக்குமா?

அப்படி எதிர்பார்த்துப் போக வேண்டாம். 1998இல் கடல் சூடேறியபோது உள்தீவுகளின் பவளத்தில் பெரும்பங்கு வெளுத்து அழிந்தது, தேறி வந்ததை 2016 வெப்பம் மறுபடி தாக்கியது. மீன், ஆமை, திருக்கை ஆகியவை இப்போதும் நிறைய இருக்கின்றன. கோக்கோ, சென் பியர் என்னும் குட்டித் தீவுகளை ஒட்டி நீந்திப் பாருங்கள். வெளுத்துக் கிடக்கும் கிளையையும் அதன்மேல் புதிதாகத் துளிர்க்கும் பவளத்தையும் பிள்ளைக்குக் காட்டுங்கள், அவர்கள் தலைமுறை சுமக்கப்போகும் விஷயம் அது. கிளிஞ்சல், பவளம் எதையும் எடுக்கக் கூடாது, ஈட்டித் துப்பாக்கி கொண்டுபோவதும் தடை.

என்ன எடுத்துப் போவது?

துணிப்பை மட்டும். சக்கரப் பெட்டியைப் படகில் வைக்க இடமே கிடையாது. தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று, கயிறு இழுக்கக் கையுறை, நீர் புகாத பை, பிள்ளையின் அளவுக்குச் சரியான நீச்சல் கண்ணாடி. வெறும் காலோடு இருப்பதுதான் படகு வழக்கம், செருப்பு ஒரு ஜோடி போதும்.

கடைசி நாளை எப்படி வைத்துக்கொள்வது?

படகைக் காலையிலேயே திருப்பித் தரச் சொல்வார்கள், ஆகவே கடைசி இரவு மாஹேவிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்துக்குள் இருங்கள். பிராலினிலிருந்து திரும்பும் ஓட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். துறையில் டீசல் நிரப்பி, படகின் அடிப்பாகத்தைப் பார்த்து, பொருள்களை எண்ணி முடிக்க நேரம் ஆகும். அன்றே விமானம் வைக்காதீர்கள். ஒரு இரவு விக்டோரியாவில் தங்கிப் போங்கள். தரையில் கால் வைத்த பிறகும் ஒரு நாள்வரை தலை லேசாக ஆடும், தானாகச் சரியாகிவிடும். அந்த நாளில் படகுக் குறிப்பேட்டை ஸ்கிப்பரிடம் கொடுத்து ஓடிய மைல்களுக்குக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் பிள்ளை சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கணக்கு கேட்பார்கள்.